பிரசவத்துக்குப் பிறகு ஓயாத இடுப்பு மூட்டு வலி: காரணம் உடம்பா, மனசா?

கேள்வி: இரண்டாவது பிள்ளை பிறந்து 14 மாதம் ஆகிறது. பின்னிடுப்பில் வலது பக்கமும், முன்னால் அடிவயிற்றுக்குக் கீழே எலும்பு சேரும் இடத்திலும் வலி இன்னும் போகவில்லை. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எல்லாம் நார்மல். "ஸ்ட்ரெஸ்தான், மனசை லேசா வெச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இணையத்திலும் இது மனதால் வருகிற வலி என்று படித்தேன். உண்மையா? கோலாலம்பூரில் இருக்கிறேன்.

பதில்:

வலி தொடங்கியதற்கு உங்கள் மனசு காரணம் இல்லை. ஆனால் 14 மாதம் கழித்தும் அது அடங்காமல் இருப்பதில் நரம்பு மண்டலத்துக்குப் பெரிய பங்கு இருக்கலாம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பி "ஸ்ட்ரெஸ்தான்" என்று சொல்லிவிடுவதால், செய்ய வேண்டிய பரிசோதனையும் நடப்பதில்லை, செய்ய வேண்டிய பயிற்சியும் கிடைப்பதில்லை.

முதலில் மூட்டு. இடுப்பெலும்பு ஒரு வளையம். பின்னால், முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இரண்டு எஸ்ஐ மூட்டுகள்; முன்னால் சிம்பசிஸ் என்கிற இணைப்பு. எஸ்ஐ மூட்டின் அசைவு மிகக் குறைவு, ஏறக்குறைய 2 டிகிரிதான். சிம்பசிஸில் சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கர்ப்பத்தில் அது இன்னும் 2, 3 மில்லிமீட்டர் கூடும். 10 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் விலகல் என்று கணக்கு. கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு இந்த இடுப்பு வளைய வலி (பெல்விக் கேர்டில் பெயின்) வருகிறது; பெரும்பாலானோருக்குப் பிரசவமாகிச் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். ரிலாக்சின் ஹார்மோன் மூட்டைத் தளர்த்திவிட்டது என்று பரவலாகச் சொல்வார்கள். அந்த ஹார்மோன் அளவுக்கும் வலியின் கடுமைக்கும் உறுதியான தொடர்பு ஆய்வுகளில் தெரியவில்லை. ஆகவே "மூட்டு லூசாகிவிட்டது", "எலும்பு இடம் மாறிவிட்டது" என்று யார் சொன்னாலும் நம்பிப் பயப்படாதீர்கள். பிரசவமாகி 14 மாதத்தில், எக்ஸ்ரே நார்மலாக இருக்கும்போது, அந்த விளக்கம் பொருந்தாது.

பிறகு ஏன் வலிக்கிறது? மாதக்கணக்காக ஓரிடத்திலிருந்து வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால், முதுகுத் தண்டும் மூளையும் அந்த இடத்தைப் பற்றி அதிக எச்சரிக்கையாகிவிடும். முன்பு கவனிக்காமல் விட்ட சிறு அழுத்தத்துக்கும் அபாய மணி அடிக்கும். உலக வலி ஆய்வுச் சங்கம் 2017-இல் இந்த வகை வலிக்கு நோசிபிளாஸ்டிக் என்று தனிப் பெயரே கொடுத்தது. இது கற்பனை வலி இல்லை. எம்ஆர்ஐ எலும்பையும் தசையையும் காட்டும். நரம்பு எவ்வளவு உஷாராக இருக்கிறது என்பதைக் காட்டாது. தலைகீழாகவும் நடப்பதுண்டு: பிரசவமான பல பெண்களுக்கு எஸ்ஐ மூட்டருகே எலும்பில் நீர்கோத்தது போன்ற தோற்றம் எம்ஆர்ஐயில் பல மாதங்கள் வரை தெரியலாம். அதை வாதம் என்று தவறாகப் படித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

இனி மனசின் பங்கு. நார்வேயில் பிரசவத்துக்குப் பிந்தைய இடுப்பு வலியுள்ள பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. யார் குணமாவார்கள் என்பதை முன்கூட்டியே காட்டிய விஷயங்களில் இரண்டு முக்கியமானவை: ஒன்று, படுத்தபடி காலை நீட்டித் தூக்கும் சோதனையில் எவ்வளவு சிரமம் என்பது. மற்றொன்று, "எனக்குச் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை. ஒன்று உடம்பு, ஒன்று மனசு. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது. ஸ்வீடனில் நடந்த இன்னோர் ஆய்வில், பிரசவமாகி மூன்று மாதத்தில் கீழ்முதுகிலோ இடுப்பிலோ வலியுள்ள பெண்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள், வலியில்லாதவர்களைவிட மூன்று மடங்கு இருந்தன. எது எதற்குக் காரணம் என்பதை அது சொல்லவில்லை. தூக்கமில்லாமல் வலியோடு பிள்ளையைத் தூக்கித் திரிகிற தாய்க்கு மனம் சோர்வது இயல்புதானே.

நீங்கள் இணையத்தில் படித்தது பெரும்பாலும் நியூயார்க் மருத்துவர் ஜான் சார்னோவின் கருத்தாக இருக்கும். அடக்கிவைத்த கோபம் தசைக்குப் போகும் பிராணவாயுவைக் குறைத்து வலி உண்டாக்குகிறது என்றார் அவர். அந்த விளக்கம் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் "ஆபத்தில்லை என்று மூளைக்குப் புரியவைத்தால் வலி குறையும்" என்ற பகுதிக்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் நாட்பட்ட முதுகுவலி உள்ள 151 பேரிடம் நடந்த சோதனை 2021-இல் வெளியானது. நான்கு வாரம் அந்தப் பயிற்சி பெற்றவர்களில் 66 விழுக்காட்டினர் வலியே இல்லாத, அல்லது ஏறத்தாழ இல்லாத நிலைக்கு வந்தார்கள். போலி ஊசி போட்டவர்களில் 20, வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 10. ஆனால் அவர்களுக்கு இருந்தது முதுகுவலி. பிரசவ இடுப்பு வலி இல்லை. வலியும் மிதமானதுதான். அதிலிருந்து முறையைக் கடன் வாங்கலாம், அதே விழுக்காட்டை எதிர்பார்க்கக் கூடாது.

மனசு என்ற பேச்சை எடுப்பதற்கு முன் சிலவற்றை விலக்கியாக வேண்டும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கம், நடந்தால் குறைந்து உட்கார்ந்தால் கூடுவது, பின்னிரவில் வலியால் விழிப்பது: இவை இருந்தால் முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். இரத்தத்தில் எச்எல்ஏ பி27 (வாதத்தோடு தொடர்புள்ள மரபணுக் குறி), சிஆர்பி (அழற்சியின் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை இருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். மலேசியாவில் காசநோய் இன்னும் இருப்பதால் மூட்டுக் காசத்தையும் மறந்துவிடக் கூடாது. எடை ஊன்றவே முடியாத வலி என்றால் எலும்பு மெலிவும் நுண்முறிவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெயில் கொளுத்தும் ஊர்தான். ஆனாலும் வீடு, கார், ஆபீஸ் என்று ஏசியிலேயே இருக்கும் நம் பெண்களுக்கு வைட்டமின் டி குறைவது சர்வசாதாரணம், அதையும் பார்த்துவிடுங்கள். உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, இரு காலும் பலவீனமாவது: இதில் எது வந்தாலும் அன்றைக்கே எமர்ஜென்சி.

இவை எதுவும் இல்லை என்றால், உங்கள் வலியில் எது எவ்வளவு என்று வீட்டிலேயே ஓரளவு அறியலாம். மல்லாந்து படுத்து, கால்களை 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நீட்டுங்கள். முட்டியை மடக்காமல் ஒரு காலை 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். சிரமமே இல்லை என்றால் 0, தூக்கவே முடியவில்லை என்றால் 5. இரண்டு காலுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுங்கள். பிறகு வீட்டில் யாரையாவது இடுப்பின் இரு பக்க எலும்பையும் உள்நோக்கி அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி தூக்குங்கள். அழுத்தும்போது சட்டென்று லேசாக இருந்தால், பாரத்தைத் தாங்கிக் கடத்தும் தசைகள் சரியாக வேலை செய்யவில்லை; உங்களுக்குப் பயிற்சிதான் முதல் மருந்து. வலியை ஒற்றை விரலால் காட்ட முடிவதும், ஒற்றைக் காலில் நின்றால், படுக்கையில் புரண்டால் மட்டும் வருவதும் மூட்டின் பக்கம் சாய்கின்றன. வலி பக்கம் மாறுவது, பரவுவது, உடுப்பு உரசினால்கூட எரிவது, தூக்கம் கெட்ட மறுநாள் இரட்டிப்பாவது, குனிய வேண்டும் என்று நினைத்தாலே வருவது ஆகியவை நரம்பின் பக்கம். பெரும்பாலோருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

பயிற்சிக்கு வருவோம். 2004-இல் வெளியான நார்வே சோதனையில், ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி அமைத்த தசைப் பயிற்சியை 20 வாரம் செய்த பெண்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது; இரண்டு ஆண்டு கழித்தும் பலன் நிலைத்தது. 20 வாரம் என்பதைக் கவனியுங்கள். மூன்று வாரம் செய்துவிட்டுப் பலனில்லை என்று விடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

வாரம் மூன்று நாள் போதும். முதல் இரண்டு வாரம்: முழங்காலை மடக்கிப் படுத்து, மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து 5 விநாடி, 10 முறை. முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்குதான். பிறகு முட்டிகளுக்கிடையே தலையணை வைத்து 5 விநாடி அழுத்துவது 10 முறை. முன்பக்க எலும்பு வலிக்கு இது உதவலாம். மூன்றாவது வாரத்திலிருந்து, முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பாலம், 8 முறை இரண்டு சுற்று. மெல்ல 12 முறை மூன்று சுற்று. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது. ஆறாவது வாரத்தில் 10 சென்டிமீட்டர் பலகையில் ஏறி இறங்குவது, பிறகு 20. பத்தாவது வாரத்திலிருந்து எடை: 5 கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து தூக்கி, கடைசியில் உங்கள் பிள்ளையின் எடை வரை. பிள்ளையைத் தூக்குவதுதான் உங்கள் அன்றாட வேலை, அதற்கே பயிற்சி வேண்டும்.

அளவுகோல் இது: செய்யும்போது வலி 10-க்கு 4 வரை போகலாம், 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், நிறுத்தாதீர்கள். ஓர் எச்சரிக்கை: இடுப்பின் அடித்தளத் தசையை இறுக்கிப் பழகும் கீகல் பயிற்சி எல்லாருக்கும் நல்லதில்லை. தாம்பத்தியத்தில் வலி, சிறுநீர் தொடங்கச் சிரமம், மலச்சிக்கல் இருந்தால் உங்கள் அடித்தளத் தசை ஏற்கெனவே இறுகியிருக்கலாம். இறுக்குவதற்கு முன் தளர்த்தப் பழக வேண்டும்.

பெல்ட் போடுவதாக இருந்தால், முன்பக்கம் துருத்தும் இடுப்பெலும்புக்குக் கீழே, தொடையெலும்பின் பக்கவாட்டு முனைக்குச் சற்று மேலே வர வேண்டும். வயிற்றில் கட்டினால் பயனில்லை. நடக்கும்போதும் தூக்கும்போதும் மட்டும் போட்டு, சில வாரங்களில் விட்டுவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் வயிற்றில் பெங்கோங் துணி சுற்றுவது வேறு. அது வயிற்றை இறுக்கி அழுத்தத்தைக் கீழே தள்ளும், இந்த மூட்டைத் தாங்காது. பிடான் அக்கா (மருத்துவச்சி) எண்ணெய் தேய்த்து உருட் (மசாஜ்) செய்வதால் தசை தளர்ந்து ஓரிரு நாள் சுகமாக இருக்கும், தவறில்லை. "எலும்பைச் சேர்த்து வைக்கிறேன்" என்று மிதித்து முறுக்கினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் தொடவே விடாதீர்கள், இரத்தம் உறைந்திருக்கலாம்.

நாள் முழுக்க எவ்வளவு செய்கிறோம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வலி குறைந்த நாளில் தீபாவளிக்கு முந்தின வாரம் போல வீடு முழுக்கக் கழுவி, மறுநாள் முதல் மூன்று நாள் படுத்த படுக்கை. நரம்பு இதைத்தான் "அசைந்தால் ஆபத்து" என்று பதிந்துகொள்கிறது. நல்ல நாளில் 12 நிமிடம், கெட்ட நாளில் 6 நிமிடம் நடக்க முடிகிறது என்றால் சராசரி 9. அதில் எண்பது விழுக்காடு, அதாவது 7 நிமிடத்தில் தொடங்குங்கள். நல்ல நாளோ கெட்ட நாளோ, 7 நிமிடம்தான். வாரத்துக்குப் பத்து விழுக்காடு கூட்டுங்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏற வேண்டும் என்று ஆசை இருந்தால் 272 படி. ஒரு மாடிக்கு 17 படி என்று வைத்தால் 16 மாடி. ஒரு மாடியில் தொடங்கி மாதக்கணக்கில் திட்டமிட்டால் ஏற முடிகிற தூரம்தான். ஏறும்போது வலியில்லாத கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

பயத்துக்கான வேலை தனி. எந்த அசைவுகளைத் தவிர்க்கிறீர்கள் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் 10-க்குப் பய மதிப்பெண் போடுங்கள்: படுக்கையில் புரள்வது, காரிலிருந்து இறங்குவது, நின்றபடி சிலுவார் (கால்சட்டை) மாட்டுவது, தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுப்பது. 3 போட்டதிலிருந்து தொடங்குங்கள். தினம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, வலி எங்கே, எப்படி இருக்கிறது, சூடா, இறுக்கமா, நகர்கிறதா என்று விரட்ட முயலாமல் கவனியுங்கள். "பரிசோதனை முடிந்தது, எலும்பு உடையவில்லை, இது பழைய எச்சரிக்கை மணி" என்று உங்களுக்கே சொல்லுங்கள். மேலே சொன்ன அமெரிக்கச் சோதனையில் கற்றுக்கொடுத்ததின் மையம் ஏறக்குறைய இதுதான். ஆனால் தசைப் பயிற்சியை விட்டுவிட்டு இதை மட்டும் செய்வது எனக்கு உடன்பாடில்லை.

தூக்கம் கெட்டால் எல்லாம் கெடும். வீட்டுக்காரரிடம் பேசி, இரவில் ஒரு முறையாவது தொடர்ந்து நான்கு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும்படி பிள்ளையைப் பார்க்க முறை வையுங்கள். ஒருக்களித்துப் படுத்து, முட்டிக்கும் கணுக்காலுக்கும் இடையே தலையணை. புரளும்போது இரு முட்டியும் சேர்ந்தே திரும்பட்டும். பால் கொடுக்கும்போது தரையில் சப்பணமிடாமல் நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாக, குற்ற உணர்வாக இருந்தால் அதை வலியின் கணக்கில் எழுதாதீர்கள். மனச்சோர்வை அறிய எடின்பரோ என்ற பத்துக் கேள்விப் படிவம் இருக்கிறது, கிளினிக்கில் கேளுங்கள். உயிரை விடலாமா என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம், இந்த உதவி எண்களை அழையுங்கள்: தாலியான் ஹீல் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு மருத்துவ நிலையம்) 1 வெள்ளி கட்டி டாக்டரைப் பார்த்து, பிசியோவுக்கு ரெஃபரல் கடிதம் கேளுங்கள். "இடுப்பு வலி" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் பாராசிட்டமோல்தான் கையில் வரும். "பிரசவத்திலிருந்து 14 மாதமாகப் பெல்விக் கேர்டில் பெயின், கால் தூக்கும் சோதனையில் இத்தனை மதிப்பெண், இத்தனை நிமிடம்தான் நடக்க முடிகிறது, பெண்கள் நலப் பிசியோவைப் பார்க்க வேண்டும்" என்று எழுதிக்கொண்டுபோய்ச் சொல்லுங்கள். தனியார் பிசியோ என்றால், 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். முதல் சந்திப்பில் அவர் உங்களைப் படுக்கவைத்துக் கால் தூக்கச் சொல்லாமல், ஒற்றைக் காலில் நிற்கவைத்துப் பார்க்காமல், நேராகச் சூட்டுப் பையும் கரண்ட் சிகிச்சையும் வைத்து அனுப்பினால் வேறொருவரைத் தேடுங்கள்.