ஆற்றங்கரைக் கூடாரம் கிடைக்கவில்லை. பயண நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரலாமா?

கேள்வி: சென்னைப் பயண நிறுவனம் ஒன்றிடம் 6,40,000 ரூபாய் செலுத்தி, நானும் மனைவியும் நமீபியா சென்றோம். குனேனே ஆற்றங்கரைச் சஃபாரி முகாமில் 3 இரவுகள் என்று எழுதித் தந்தவர்கள், ஆற்றிலிருந்து வெகு தொலைவில், மணல்வெளியில் இருந்த வேறொரு முகாமில் தங்கவைத்தார்கள். வழிகாட்டி அலட்சியமாக நடந்துகொண்டார். சைவ உணவு சரியில்லை. ஒரு யானையைக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி 19 மாதங்கள் ஆகின்றன. ‘நாங்கள் வெறும் முகவர்’ என்னும் நிறுவனம், 1,50,000 ரூபாய்க்குப் பயணக் கூப்பன் தர முன்வருகிறது. முழுத் தொகையையும் பெற முடியுமா?

பதில்: யானையையும் வழிகாட்டியையும் சாப்பாட்டையும் மனுவில் சேர்க்காதீர்கள். வனவிலங்கு கண்ணில் படும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. மற்றவை மனுவின் பக்கங்களைத்தான் கூட்டும். உங்களுக்குச் சுற்றுலாப் பொதியை (பேக்கேஜ்) விற்றவர் யார் என்பது ஒன்றே கேள்வி.

அதற்கான சான்று பெரும்பாலும் உங்கள் வருமான வரிக் கணக்கிலேயே இருக்கும். வெளிநாட்டுச் சுற்றுலாப் பொதிக்கான டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும்) வரியை, அதை விற்பவரே வசூலிக்க வேண்டும். உங்களிடம் வசூலித்த வரிகளைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸில் அந்த நிறுவனத்தின் பெயரில் 32,000 ரூபாய், அதாவது நீங்கள் பணம் செலுத்திய காலத்தில் இருந்த 5 சதவீதம், பதிவாகியிருந்தால், வரித்துறையிடம் விற்பனையாளராக நின்றவர் நுகர்வோர் ஆணையத்தில் முகவராக நிற்பது கடினம். வழக்கைச் சென்னையிலேயே தொடரலாம். நமீபியா செல்ல வேண்டியதில்லை.

நான் அஞ்சுவது அந்தக் கூப்பனைத்தான். இத்தகைய கட்சிக்காரர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். கூப்பனுடன் ஒரு பக்கக் கடிதம் வரும். அதன் கடைசி வரியில் ‘முழு மற்றும் இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்றிருக்கும். கையெழுத்திட்ட பின் ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கினார்கள் என்று சொல்லலாம், ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. கூப்பனுக்கோ காலாவதித் தேதி உண்டு. பயன்படுத்தப் போகும்போது ‘இந்தச் சீசனுக்குச் செல்லாது’ என்பார்கள்.

இன்னொரு கண்ணி, பேச்சுவார்த்தை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 69இன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். ‘மேனேஜர் ஊரில் இல்லை, அடுத்த வாரம் முடித்துவிடலாம்’ என்ற மின்னஞ்சல்களால் அந்தக் கெடு நீளாது. வேறு முகாமில் உங்களை இறக்கிவிட்ட நாளிலிருந்தே கணக்கிடுங்கள். ஐந்து மாதங்களுக்கும் குறைவாகவே மிச்சமிருக்கிறது. தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டுதான், ஆனால் ‘பேசிக்கொண்டிருந்தோம்’ என்பதைப் போதுமான காரணமாக ஏற்கவைப்பது எளிதல்ல. வாட்ஸ்அப் உரையாடல் உள்ள பழைய கைப்பேசியையும் மாற்றிவிடாதீர்கள். அந்த உரையாடலை ஆதாரமாகத் தரும்போது அதனுடன் கொடுக்க வேண்டிய சான்றிதழுக்கு அந்தக் கைப்பேசி தேவைப்படும்.

முழுத் தொகையும் கிடைக்காது. விமானப் பயணமும் மற்ற இடங்களும் உங்களுக்குக் கிடைத்துவிட்டன. இழந்தது 3 இரவுகளுக்கான விலை வேறுபாடும் கொஞ்சம் மன உளைச்சலும்தான், மன உளைச்சலுக்கு ஆணையங்கள் தாராளமாகக் கொடுப்பதை நான் கண்டதில்லை. எனவே வழக்கறிஞர் நோட்டீஸை இந்த வாரமே அனுப்பிவிட்டு, கூப்பனுக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணமாகக் கேளுங்கள். 1,20,000 ரூபாய் வந்தால்கூட நான் ஏற்றுக்கொள்ளவே சொல்வேன். ஆனால் தீர்வுக் கடிதத்தில், பணம் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்திடுங்கள்.