இன்னும் பரிசீலனையில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் முதல் ஆண்டில் இருக்கிறேன். ஐந்து மாதங்களுக்கு முன்பு ஒரு ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். ரிசல்ட் வெளியிடுவதாகச் சொன்ன தேதி தாண்டி ஆறு வாரம் ஆகிவிட்டது. போர்ட்டலில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வரிதான் இருக்கிறது. காலையில் கண் விழித்ததும் பார்க்கிறேன், தூங்கும் முன்பும் பார்க்கிறேன். கூட விண்ணப்பித்த தோழி, தன் பக்கத்தில் ஒரு பொத்தான் காணாமல் போய்விட்டது, அது தேர்வானதற்கு அடையாளம் என்கிறாள். என் பக்கத்தில் அந்தப் பொத்தான் அப்படியே இருக்கிறது.

இதற்கிடையில் வேறொரு ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். அதில் சேர்ந்தால் என் ஆய்வுக்கு நேரம் பாதியாகிவிடும். சேராமல் இருந்து உதவித்தொகையும் வராவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. உதவித்தொகை அலுவலகத்துக்கு மெயில் போட்டுக் கேட்கலாமா, கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களா? ஆய்வுக்காக எடுத்த இருபது நேர்காணல்களில் பதினான்கை எழுதி முடித்திருக்கிறேன். மீதியைத் தொட மனம் வரவில்லை. பணமே வரப்போவதில்லை என்றால் எதற்கு என்று தோன்றுகிறது. நான் இதற்குத் தகுதியானவள்தானா என்ற சந்தேகமும் வந்துவிட்டது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பணத்திலிருந்தே தொடங்குகிறேன். காத்திருப்பவர்களிடம் எல்லோரும் மனதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பதறாதே, நடப்பது நடக்கும் என்கிறார்கள். அடுத்த மாத வாடகை எங்கிருந்து வரும் என்று தெரியாத ஒருவரிடம் இதைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சேமிப்போ வீட்டுத் துணையோ உள்ள மாணவருக்கு ஆறு வாரத் தாமதம் ஒரு எரிச்சல், அவ்வளவுதான். இல்லாதவருக்கு அது கடன். ரிசல்ட் தேதியை அறிவித்துவிட்டு, அதைத் தாண்டியும் ஒரு வரி விளக்கம் தராமல் இருக்கும் அலுவலகங்கள் இந்த வித்தியாசத்தை யோசிப்பதே இல்லை. ‘இன்னும் நான்கு வாரம் ஆகும்’ என்று ஒரு மெயில் அனுப்பினால் நூற்றுக்கணக்கான பேர் அன்று இரவு தூங்குவார்கள். உங்கள் கோபம் நியாயமானது.

அதே காரணத்தால் ஒன்று சொல்கிறேன், மனதில் வையுங்கள். தேர்வானவர் பட்டியல் வருவது ஒரு நாள், பணம் கைக்கு வருவது வேறு ஒரு நாள். ஏற்புக் கடிதம், சான்றிதழ் சரிபார்ப்பு, சேர்ந்ததற்கான அத்தாட்சி, வங்கி விவரம், நெறியாளர் கையெழுத்து, பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவு என்று அது ஒவ்வொரு மேசையாக நகர வேண்டும். முதல் தவணைக்கு இன்னும் சில மாதங்கள்கூட ஆகலாம். நிலுவை பின்னால் மொத்தமாக வரும் என்றாலும் வாடகை அதுவரை பொறுக்காது. ஆகவே உங்கள் செலவுக் கணக்கை ரிசல்ட் நாளோடு நிறுத்தாமல் முதல் தவணை வரைக்கும் போடுங்கள். அப்படிப் போட்டுப் பார்த்தால் அந்த உதவியாளர் வேலை வேறு மாதிரித் தெரியும்.

வேலை விஷயத்தில் என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். முதலில் அவகாசம் கேளுங்கள். இன்ன உதவித்தொகை முடிவுக்காகக் காத்திருக்கிறேன், மூன்று வாரம் தர முடியுமா என்று கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு உடன்பாடே வைத்திருக்கின்றன: நிதியுதவியோடு வரும் சேர்க்கை அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஒரு இடத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும் மாணவரை இன்னொரு இடம் நெருக்கக் கூடாது என்று நிறுவனங்களே கூடி ஒப்புக்கொண்ட விஷயம் இது. நீங்கள் கேட்பதும் அதே அவகாசம்தான்.

அவகாசம் தர மறுத்தால் வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்கும்போதே, உதவித்தொகை வந்தால் விலக வேண்டியிருக்கும் என்று திட்டத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள், எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு சம்பளம் வாங்கக் கூடாது என்ற நிபந்தனை பல உதவித்தொகைகளில் உண்டு. அது விண்ணப்பித்த நாளிலிருந்தா, சேரும் நாளிலிருந்தா என்று விதிமுறைகளை இன்றே ஒருமுறை வாசியுங்கள். சேரும் நாளிலிருந்து என்றால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. முதலிலேயே சொல்லிவிட்டு விலகுபவர் மேல் பெரும்பாலும் யாரும் கோபப்படுவதில்லை. மறைத்தால்தான் கசப்பு வரும்.

அலுவலகத்துக்குத் தாராளமாக மெயில் போடலாம். விண்ணப்ப எண்ணும் இரண்டு கேள்விகளும் போதும்: முடிவு எப்போது எதிர்பார்க்கலாம், காத்திருப்போர் பட்டியல் உண்டா. வேறொரு வேலைக்கு இன்ன தேதிக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று ஒரு வரியும் சேருங்கள். மெயிலுக்குப் பதில் எழுதும் ஊழியர் உங்களுக்கு மதிப்பெண் போடுபவர் அல்ல. தேதி தாண்டி ஆறு வாரமாகிவிட்ட நிலையில் மதிப்பெண் எல்லாம் அநேகமாக முன்பே போட்டாகியிருக்கும்.

தோழி சொன்ன பொத்தானைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. போர்ட்டலில் ஒரு பொத்தான் மறைவதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. அதைக் குறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். நீங்கள் தகுதியானவர்தானா என்று கேட்கிறீர்கள். ரிசல்ட் வந்தால் அதற்குப் பதில் தெரிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். தெரியாது. ஏன் என்று சொல்கிறேன்.

இத்தகைய தேர்வு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பமும் இரண்டு மூன்று மதிப்பீட்டாளர்களிடம் போகிறது. மதிப்பெண்களைச் சேர்த்து வரிசைப்படுத்துகிறார்கள். குழு கூடிப் பேசுகிறது. பிறகு மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்து, பணம் தீரும் இடத்தில் ஒரு கோடு போடுகிறார்கள். அடுத்த ஆண்டு நிதி கூடினால் கோடு கீழே இறங்கும், குறைந்தால் மேலே ஏறும். விண்ணப்பத்தில் ஒரு எழுத்து மாறாமலேயே அதே ஆள் உள்ளே போகலாம், வெளியே நிற்கலாம். பட்டியலின் உச்சியில் சிலர் இருப்பார்கள், அவர்களைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. அடியிலும் அப்படிச் சிலர். நடுவில் இருக்கும் பெரிய கூட்டத்தில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் வித்தியாசம் அரை மதிப்பெண்கூட இருக்காது.

அந்த மதிப்பெண்ணாவது உறுதியானதா? 1981ல் வெளிவந்த ஒரு ஆய்வில், அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு வந்திருந்த 150 விண்ணப்பங்களை வேறு மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்து மறுபடி மதிப்பிடச் சொன்னார்கள். ஒரு விண்ணப்பத்தின் விதியில் ஏறத்தாழப் பாதியை அதன் தரம் தீர்மானிக்கிறது, மறு பாதி அது யார் கைக்குப் போகிறது என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்பது அவர்கள் வந்து சேர்ந்த முடிவு. 2018ல் இன்னொரு ஆய்வு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் முறைப்படி 43 மதிப்பீட்டாளர்கள் 25 விண்ணப்பங்களை மதிப்பிட்டார்கள். ஒரே விண்ணப்பத்தைப் படித்தவர்களுக்குள் ஒத்த கருத்து என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நிதி நிறுவனங்களிலேயே சில இதை ஒப்புக்கொள்கின்றன. நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013ல் ஒரு வகை நிதிக்குத் தகுதி பார்த்துவிட்டுக் குலுக்கல் முறையில் ஆளைத் தேர்வு செய்யத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2021 முதல், கோட்டின் அருகே பிரித்துப் பார்க்க முடியாத விண்ணப்பங்கள் வந்தால் சீட்டுப் போட்டு எடுக்கிறது. இது நேர்மையான காரியம் என்று நினைக்கிறேன். சீட்டில் பெயர் வராத மாணவர் தன்னைத் தகுதியற்றவர் என்று நினைக்க மாட்டார்.

என் அனுபவம் ஒன்று. நானும் ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில் ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். இரண்டு வாரத்தில் முடிவு என்றார்கள், மூன்று மாதம் கழித்து இல்லை என்று வந்தது. கூடவே மதிப்பீட்டாளர் குறிப்புகளும் வந்தன. அந்த உறையை நான் ஒரு வருடம் பிரிக்கவில்லை. என்னைப் பற்றிய தீர்ப்பு அதில் இருக்கிறது என்று பயந்தேன். அந்த ஒரு வருடத்தில் வந்த இரண்டு வாய்ப்புகளுக்கும் விண்ணப்பிக்கவில்லை. ஒருநாள் அறையைக் காலி செய்யும்போது எடுத்துப் பிரித்தேன். முதல் மதிப்பீட்டாளர் என் ஆய்வு முறை தெளிவாக இருக்கிறது என்று பாராட்டியிருந்தார். இரண்டாமவர் ஆய்வு முறையே விளங்கவில்லை என்று எழுதியிருந்தார். இருவரும் ஒரே பத்தியைத்தான் குறிப்பிட்டிருந்தார்கள். மூன்றாமவர் எழுதியது நான்கு வரி. அதில் ஒரு வரி உண்மையிலேயே பயனுள்ளது, என் ஆய்வுக் கேள்வியை அது சரிசெய்தது. ஒரு வருடம் முன்பே அதை வாசித்திருக்கலாம். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதனால்தான் இதை உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 2018ல் நெதர்லாந்தின் இளம் ஆய்வாளர் நிதித் திட்டத்தை வைத்து ஒரு ஆய்வு வந்தது. கோட்டுக்குச் சற்று மேலே நின்று நிதி பெற்றவர்களையும், சற்றுக் கீழே நின்று தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். இருவர் மதிப்பெண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அடுத்த எட்டு ஆண்டுகளில் மேலே நின்றவர்கள் திரட்டிய ஆய்வு நிதி, கீழே நின்றவர்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். காரணங்களில் ஒன்று எனக்கு வலித்தது: தவறவிட்டவர்கள் அடுத்தடுத்த வாய்ப்புகளுக்கு விண்ணப்பிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். கதவு மூடியதற்கு மேல் அவர்களே தட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள். நான் ஒரு வருடம் செய்தது அதுதான்.

2019ல் வந்த இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நூலிழையில் நிதியைத் தவறவிட்ட இளம் விஞ்ஞானிகளில் விடாமல் தொடர்ந்தவர்கள், நூலிழையில் வென்றவர்களைவிடப் பத்தாண்டுகளில் சிறந்த ஆய்வுக் கட்டுரைகளைக் கொடுத்திருந்தார்கள். இதை வைத்துக்கொண்டு ‘தோல்வி நல்லது’ என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தவறவிட்டவர்களில் கணிசமானோர் அந்த நிதி அமைப்பின் பதிவுகளிலேயே பிறகு காணப்படவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. போனவர்களுக்குத் திறமை இல்லை என்று எப்படிச் சொல்வது? கைப்பணம் தீர்ந்து போனவர்களும் இருந்திருப்பார்கள். அதனால்தான் உங்களிடம் முதலில் வாடகையைப் பற்றிப் பேசினேன். அந்த வேலை உங்கள் நேரத்தில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த சுற்றுக்கு விண்ணப்பிக்கும்வரை உங்களை ஆய்விலேயே வைத்திருக்கும்.

இன்னொன்றும் செய்யுங்கள். ரிசல்ட் வருவதற்கு முன்பே, இப்போதே, அடுத்து விண்ணப்பிக்கக்கூடிய இரண்டு இடங்களையும் அவற்றின் கடைசித் தேதிகளையும் நெறியாளரோடு உட்கார்ந்து குறித்து வையுங்கள். இல்லை என்று வந்த பிறகு தேட ஆரம்பித்தால் மனம் ஒத்துழைக்காது. இப்போது எழுதி வைத்தது அன்று கைகொடுக்கும்.

சரி, காத்திருக்கும் நாட்களை எப்படிக் கழிப்பது? கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர் இதையே தன் ஆய்வுப் பொருளாக வைத்திருப்பவர். கலிஃபோர்னியாவில் வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்காகக் காத்திருந்த சட்டப் பட்டதாரிகள் 230 பேரை அவரும் கூட்டாளிகளும் தொடர்ந்து கவனித்தார்கள். பதற்றத்தைக் குறைக்க அவர்கள் செய்து பார்த்த உத்திகள் பெரிதாக உதவவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது: காத்திருக்கும்போது தவித்தவர்கள், கெட்ட செய்தி வந்தபோது அதிகம் நிலைகுலையவில்லை. ஆகவே பதற்றப்படுவதற்காகத் தனியாக உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். வேறொரு ஆய்வில் அவர்கள் கண்டது, நேரம் போவது தெரியாமல் ஒரு வேலையில் ஆழ்ந்திருப்பவர்களுக்குக் காத்திருப்பு சற்று எளிதாக இருக்கிறது என்பது. டிவி பார்ப்பது போன்ற பொழுதுபோக்கைச் சொல்லவில்லை. முழுக் கவனத்தையும் கேட்கும் வேலை வேண்டும்.

உங்களிடம் அப்படி ஒரு வேலை இருக்கிறது. ஆறு நேர்காணல்கள் எழுதப்படாமல் கிடக்கின்றன. ஒலிப்பதிவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, ஒரு சொல் சரியாகக் கேட்காமல் மறுபடி ஓட்டி, இன்னொருவர் பேச்சைத் தாளில் இறக்குவது, வேறு நினைப்புக்கு இடம் தராத வேலை. பணமே வரப்போவதில்லை என்றால் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஆறு பேரும் உங்கள் உதவித்தொகையைப் பற்றி எதுவும் தெரியாமல் உங்களை நம்பி உட்கார்ந்து பேசியவர்கள். அலுவலகத்துக்கு மெயிலை இன்று அனுப்பிவிடுங்கள். அப்புறம் பதினைந்தாவது ஒலிப்பதிவைத் திறந்து, அந்த ஆள் முதலில் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.