எதிர்வீட்டு சூப், கீழ்க்கடை ரொட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகன் குடும்பத்தோடு சில மாதங்கள் இருந்துவிட்டுப் போகலாம் என்று நானும் கணவரும் சிங்கப்பூர் வந்திருக்கிறோம். தோ பாயோவில் வீடு. சீனர்களின் வீட்டுச் சமையலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த தைரியத்தில் மகனோடு ஒரு மாலின் ஃபுட் கோர்ட்டுக்குப் போனேன். உப்பில்லை, புளியில்லை, காரமில்லை. கீரை அரைவேக்காடு. மீன் வெள்ளை வெளேரென்று பத்தியச் சாப்பாடாக வந்தது. இதையா இப்படிக் கொண்டாடுகிறீர்கள்? நம் ஊர் கோபி மஞ்சூரியனே மேல். நான் மாடு, பன்றி தவிர எல்லாம் சாப்பிடுவேன். கணவர் சுத்த சைவம். எதிர்வீட்டுச் சீன அம்மா ஒரு கிண்ணம் சூப் கொடுத்தார். என்ன போட்டிருப்பாரோ என்று குடிக்கவில்லை. பேத்திக்குக் கீழே இருக்கும் ரொட்டிக்கடையே கதி. அதையாவது நம்பலாமா?

ஒரு வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள அம்மா,

புளியும் காரமும் இல்லை என்றது சரி. உப்பில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சோயா சாஸ், உப்பு முட்டை, உப்பில் ஊறிய கடுகுக் கீரை, நெத்திலிக் கருவாடு என்று சீனச் சமையலறையில் உப்புக்குப் பஞ்சமே கிடையாது. நீங்கள் தேடியது மசாலாவை. அது அங்கே இருக்காது.

கோபி மஞ்சூரியனை நான் பழிக்கப் போவதில்லை. 1975 வாக்கில் மும்பையில் நெல்சன் வாங் என்ற கல்கத்தாச் சீனர் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கினார் என்பார்கள். காலிஃபிளவர் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. நம் நாக்கை நன்றாகப் படித்த ஒருவர் நமக்காகவே செய்த பண்டம் அது. அதே ருசியைத் தோ பாயோவில் எதிர்பார்த்தால் கிடைக்காது.

அந்த வெள்ளை மீனுக்கு வருகிறேன். நாம் மீனை மிளகாயிலும் புளியிலும் முக்கி எடுப்பவர்கள். நேற்றைய மீனாக இருந்தாலும் குழம்பு காப்பாற்றிவிடும். சீனர் வீட்டில் அந்தச் சலுகை இல்லை. இஞ்சி வைத்து ஏழெட்டு நிமிடம் ஆவியில் வேகவைக்கிறார்கள். தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு, மெலிதாக நறுக்கிய இஞ்சியையும் வெங்காயத்தாளையும் மேலே பரப்பி, புகைய புகையக் காய்ந்த எண்ணெயை ஊற்றி, சோயா சாஸ் விடுகிறார்கள். கடுகு மட்டும் வெடிக்காத தாளிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் பழையதாக இருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அதனால்தான் சந்தைக்குக் காலையிலேயே ஓடுகிறார்கள். புளிப்பு வேண்டும் என்றால் சீனாவின் தியோச்சூ வட்டாரத்திலிருந்து வந்தவர்கள் செய்யும் முறையைக் கேட்டு வாங்குங்கள். வாவல் மீனோடு தக்காளி, உப்பில் ஊறிய பிளம், ஊறிய கடுகுக் கீரை, தோஃபு எல்லாம் சேர்ந்து வேகும். உங்களுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கீரை அரைவேக்காடு இல்லை, அவர்கள் கணக்கில் அதுதான் முழு வேக்காடு. பூண்டு, பெருந்தீ, ஒரு நிமிடம், இறக்கிவிட வேண்டும். நாம் கீரையை மசிக்கிறோம், அவர்கள் கடிக்கிறார்கள். இதில் யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இரண்டும் வேண்டும்.

நீங்கள் செய்த பிழை இடத்தில்தான். குளிரூட்டப்பட்ட மால் ஃபுட் கோர்ட்டில் வாடகை அதிகம்; பல கடைகளுக்கு எங்கோ ஒரு மையச் சமையற்கூடத்திலிருந்து பாதி முடிந்த சமையல் வருகிறது. உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே உணவங்காடி நிலையங்கள் இருக்கின்றன. தெருவோரத்தில் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்குத் தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் கூரையும் கொடுத்து 1970களிலும் 80களிலும் அரசு குடியேற்றிய இடங்கள் அவை. 2020இல் இந்த உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது. பட்டியலைவிட எனக்கு முக்கியம், பல கடைகளில் முதலாளியே வாணலியைப் பிடிப்பது.

அங்கோ கீழ்த்தளக் கோப்பிக்கடையிலோ, சோற்றோடு பத்திருபது கறிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக வைத்திருக்கும் கடையைப் பாருங்கள். சீன வீட்டுச் சாப்பாட்டுக்கு மிக அருகில் இருப்பது அதுதான். மொழி வேண்டாம், விரல் போதும். பதினொன்றரைக்குள் போய்விடுங்கள்; ஒரு மணிக்கு எல்லாம் ஆறி எண்ணெய் மிதக்கும். ஆவியில் வேகவைத்த முட்டை, தக்காளி போட்ட முட்டைப் பொரியல், பூண்டுக் கீரை, தோஃபு இவற்றில் மூன்று. நான்கைந்து வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ஆகும். சோற்றின் மேல் கறிக்குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்பார்கள். ஊற்றச் சொல்லுங்கள், காரம் வந்துவிடும். ஆனால் அந்த முட்டையிலும் தோஃபுவிலும் கொத்திய பன்றி இறைச்சி இருக்கக்கூடும். "நோ போர்க்?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம், அங்கே எல்லோரும் கேட்பதுதான். வறுக்கும் கொழுப்புவரை தவிர்ப்பவர் என்றால் ஹலால் சான்றிதழ் மாட்டிய கடைதான் வழி. சாப்பிட்டதும் தட்டை எடுத்துக்கொண்டுபோய் அதற்குரிய இடத்தில் வையுங்கள். 2021 முதல் அது சட்டம்.

கறிவேப்பிலை வாசனைக்கு ஏங்கும் நாளில், கேட்டதும் சமைத்துத் தரும் சீனக் கடையில் சீரியல் இறால் வாங்குங்கள். வெண்ணெயில் ஓட்ஸ் பொரிய, நம் கறிவேப்பிலையும் சிறு மிளகாயும் அதில் தாராளமாக விழும். தமிழர் வீட்டுக் கொத்து சீனர் வாணலிக்குள் போன வழியை யாராவது உட்கார்ந்து ஆராய வேண்டும்.

உங்கள் கணவருக்குச் சீனச் சைவக் கடைகளே உண்டு. பௌத்த முறைச் சமையல் என்பதால் பல கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். காலையில் வறுத்த பீஹூன், அதாவது அரிசிச் சேமியா, சாப்பிடச் சொல்லுங்கள். தட்டில் வாத்துபோலவும் பன்றிபோலவும் ஏதாவது உட்கார்ந்திருந்தால் பதற வேண்டாம், கோதுமைப் புரதமும் சோயாவும்தான். சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் கூட்டம் அலைமோதும். அன்று சீக்கிரம் போக வேண்டும். சைவக் கடை அல்லாத இடத்தில் வெறும் கீரை என்று நம்பி வாங்கினால் சிப்பி சாஸோ காய்ந்த இறாலோ உள்ளே இருக்கும்.

எதிர்வீட்டு அம்மாவின் சூப்பைப் பற்றி எனக்கு வருத்தம்தான். மணிக்கணக்கில் கொதிக்கவைத்த பொருள் அது. பெரும்பாலும் தாமரைக்கிழங்கும் நிலக்கடலையுமாக இருக்கும், கூடவே பன்றி விலா எலும்பும் இருந்திருக்கலாம். உங்கள் தயக்கத்தில் தவறில்லை. நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை கோழியில் செய்து தருவார். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தர வேண்டாம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பேத்தியின் பக்கம் நான் உறுதியாக நிற்கிறேன். பிரிட்டிஷாரின் சமையலறைகளில் வேலை பார்த்த ஹைனான் தீவுக்காரர்கள் கோப்பிக்கடையும் ரொட்டியுமாக வளர்த்த ருசி அது. பழைய பாணிக் கடை உங்கள் பக்கத்தில் இருந்தால் பாருங்கள். ரொட்டியின் மேல்பாகம் கரியாகக் கறுத்து வெளியே வரும். ஆறியதும் அந்தக் கறுப்பைக் கத்தியால் சீவி எறிந்துவிட்டுத் துண்டு போடுவார்கள். அந்த ரொட்டியை வாட்டி, தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் பாண்டான் இலையும் சேர்த்துக் கிண்டிய காயாவைத் தடவி, நடுவில் வெண்ணெய்க் கட்டி வைத்துக் கொடுத்தால் கணவரைத் தவிர உங்கள் வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

அடுக்குமாடிக் கீழ்க்கடை பன்களில் தேங்காய்ப்பூ வைத்ததும் சிவப்பு அவரை வைத்ததும் பேத்திக்கு வாங்கிக் கொடுங்கள். பஞ்சுபோல இழை இழையாக மேலே தூவியிருப்பது இறைச்சி, பெரும்பாலும் பன்றி. சாசேஜையும் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் பாலஸ்டியர் சாலையில் தவ் சார் பியா என்ற சீனப் பலகாரம் கிடைக்கும். உள்ளே பாசிப்பருப்புப் பூரணம், இனிப்பிலும் உப்பிலும். பழைய முறையில் மேல்மாவுக்குப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், இப்போது தாவர எண்ணெயில் செய்பவர்களும் இருக்கிறார்கள். கேட்டுவிட்டு உப்பு வகையை வாங்குங்கள். இனிப்பு வகை எனக்குத் திகட்டும்.