சிங்கப்பூரில் குடும்பம் நடத்த எவ்வளவு சம்பளம் வேண்டும்? – கேள்வி பதில்

சிங்கப்பூரில் பதினேழு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். தொழில் கணக்கு எழுதுவது. வீட்டிலும் அதே வியாதி, கொத்தமல்லிக் கட்டு வரைக்கும் நோட்டில் ஏறிவிடும். கேட்பவர்கள் இரண்டு விஷயங்களை மறக்காமல் எழுதுங்கள்: என்ன பாஸ் (இங்கே தங்கி வேலை செய்ய அரசாங்கம் தரும் அனுமதி), பிள்ளைகளுக்கு என்ன வயது. சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு வராதீர்கள். கீழே வெள்ளி என்று வருவதெல்லாம் சிங்கப்பூர் டாலர்.

கோவையிலிருந்து ஒருவர்: எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாதம் 8,000 வெள்ளி. மனைவி வேலைக்குப் போகமாட்டார். பிள்ளைகளுக்கு 7 வயது, 4 வயது. காணுமா?

கேட்க வேண்டியபடி கேட்டிருக்கிறீர்கள். காணும், ஆனால் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

உட்லண்ட்ஸ், ஈசூன் பக்கம் மூவறை வீவக வீடு (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு) வாடகை 2,700 என்று வையுங்கள். மூவறை என்றால் இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும்தான், ஏமாந்துவிடாதீர்கள். மளிகை, காய், மீன் 900. வெளிச்சாப்பாடு 300. கரண்ட், தண்ணீர் 200, போனும் இணையமும் 100, பஸ், ரயில் 250, டாக்டருக்கு 200. இதுவரை 4,650.

அடுத்தது பள்ளிக்கூடம். ஆசியான் நாடுகளைச் சேராத வெளிநாட்டுப் பிள்ளைக்கு அரசுத் தொடக்கப்பள்ளிக் கட்டணமே 2024-இல் மாதம் 888 வெள்ளி, அதற்கப்புறமும் ஏறுமுகம்தான். அதனால் 1,000 என்று போடுங்கள். முதலாம் வகுப்பில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசிக் கட்டத்தில்தான் பதிவு, இடம் கிடைக்கும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். கிடைக்காவிட்டால் தனியார் பள்ளி, செலவு இன்னும் கூடும். சின்னவனின் பாலர் பள்ளிக்கு இன்னொரு 1,000. அரசாங்க மானியம் குடிமக்களின் பிள்ளைகளுக்குத்தான். ஆக 6,650.

இனி வரி. இங்கே மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிக்கமாட்டார்கள். அடுத்த வருடம் மொத்தமாகச் சீட்டு வரும். முதல் வருடம் நான் அந்தச் சீட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது, கையில் சேமிப்பே இல்லை. (வட்டியில்லாமல் 12 தவணையில் கட்டலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது.) உங்கள் சம்பளத்தில் மனைவி, பிள்ளைகளுக்கான கழிவு போக வருடத்துக்குச் சுமார் 4,000 வரும். மாதம் 330 தனியாக எடுத்துவையுங்கள்.

மொத்தம் 6,980, மிச்சம் 1,020. ஊருக்கு அனுப்புவது, விமான டிக்கெட், தீபாவளி எல்லாம் இதற்குள்தான்.

முக்கியமான இன்னொன்று. இரண்டு வருட வாடகை ஒப்பந்தம் என்றால் வழக்கமாக இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை, அப்புறம் மொத்த வாடகையில் 0.4% முத்திரைத் தீர்வை. 2,700 வீட்டுக்கு 8,100, அதோடு 259. முதல் சம்பளம் வரும் முன்பே இது கையில் வேண்டும்.

சென்னையிலிருந்து: 5,000 சம்பளத்தில் மனைவியைக் கூட்டிவரலாமா?

முடியாது. மனைவி, பிள்ளைகளுக்குத் தரும் சார்ந்திருப்போர் பாஸுக்கு உங்கள் சம்பளம் 6,000 வேண்டும். பெற்றோரை வைத்துக்கொள்ள 12,000.

மதுரை: 7,500 போதுமா?

யாருக்கு?

தஞ்சாவூர்: ஒரு குடும்பத்தின் நடுத்தர வருமானம் 11,000-க்கு மேல் என்கிறார்கள். எனக்கு 8,500 தருகிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

2024-இல் அந்த எண் 11,297. ஆனால் அது குடிமக்கள், நிரந்தரவாசிகள் குடும்பக் கணக்கு. முதலாளி போடும் மத்திய சேமநிதியும் (ஊரில் பி.எஃப். மாதிரி) அதில் அடக்கம், பல வீடுகளில் இரண்டு பேர் சம்பாதிக்கிறார்கள். உங்கள் ஒற்றைச் சம்பளத்தை அதோடு ஒப்பிடக் கூடாது.

ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் இங்குள்ள ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட குறைந்தபட்ச வருமான ஆய்வைப் பாருங்கள். சாதாரண மக்களை உட்காரவைத்து, கௌரவமாக வாழ என்னென்ன தேவை என்று ஒவ்வொரு பொருளாகப் பேசிப் போட்ட கணக்கு. பெற்றோரும் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவரும் உள்ள வீட்டுக்கு மாதம் 6,693 வெள்ளி. அனுமானங்கள் சரியில்லை என்று அரசாங்கம் மறுத்தது, அது வேறு கதை. எனக்கு அந்த எண் நியாயமாகவே படுகிறது. ஆனால் உள்ளூர்க்காரருக்குப் பள்ளிக் கட்டணம் பெயருக்குத்தான். நமக்கு அந்த ஒரு செலவே கணக்கைப் புரட்டிவிடும்.

சேலம்: உலகிலேயே விலை அதிகமான நகரமாமே?

2023 பட்டியலில் ஜூரிக்கோடு சேர்ந்து முதலிடம். அந்த விலையேற்றத்தில் கார் பெரிய பங்கு. கார் வாங்கும் உரிமைச் சீட்டு மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது, அதுவும் பத்து வருடத்துக்கு. பஸ்ஸில் போங்கள். உணவங்காடியில் நாலைந்து வெள்ளிக்கு இன்றும் வயிறு நிறையும்.

ஜூரோங்கிலிருந்து: தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள். எனக்கு 6,500 சம்பளம். மனைவி, 2 வயது மகளோடு ஒரு மாஸ்டர் பெட்ரூமில் 1,600-க்கு இருக்கிறேன். மாதம் 2,500 ஊருக்குப் போகிறது. முழு வீடு எடுப்பது வீண்.

அங்கே சமைக்க விடுகிறார்களா?

அவரே: "லைட் குக்கிங்" உண்டு.

அதானே பார்த்தேன். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: லைட் குக்கிங் என்றால் என்னவென்று எந்த ஒப்பந்தத்திலும் இருக்காது. நாங்கள் அப்படி ஒரு அறையில் பதினான்கு மாதம் இருந்தோம். நூடுல்ஸ் லைட், முட்டை லைட், கடுகு தாளித்தால் ஹெவி. என் மனைவி சட்டியை மூடியால் மூடி, ஜன்னலோரம் நின்று தாளிப்பார். சத்தம் அடங்குவதற்குள் வீட்டுக்கார அம்மா சமையலறை வாசலில் வந்து நிற்பார். ஒன்றும் பேசமாட்டார், மூக்கை மட்டும் உறிஞ்சுவார். கடைசியில் சாம்பாரை ரைஸ் குக்கரில் வைக்கப் பழகினோம். அந்த மாதங்களின் நோட்டில் வெளிச்சாப்பாடு 700-க்குக் குறையவே இல்லை. மிச்சம் பிடித்த வாடகையில் பாதி அங்கே போனது.

அவரே மீண்டும்: எங்கள் வீட்டுக்காரர் தமிழர், பிரச்சினை இல்லை. முழு வீடு கேட்டால் "கோட்டா முடிந்தது" என்கிறார்கள். என்ன செய்ய?

அது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். முழு வீவக வீட்டை வெளிநாட்டினருக்கு விட வட்டாரத்தில் உள்ள வீடுகளில் 8%, ஒரு புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) 11% என்று வரம்பு உண்டு, மலேசியர்களுக்குக் கிடையாது. பிடித்த புளோக்கில் கிடைக்காமல் அடுத்த தெருவில் கிடைக்கும். முகவரிடம் முன்பணம் தருவதற்கு முன்பே கோட்டாவைக் கேளுங்கள். என்னிடம் ஒரு முகவர் பணத்தை வாங்கிக்கொண்டு அப்புறம்தான் சொன்னார், திரும்ப வாங்க ஆறு வாரம் அலைந்தேன்.

பெயர் வேண்டாம் என்ற ஒரு சகோதரி: ஜூரோங் அண்ணன் காலையில் வேலைக்குப் போய்விடுவார். பகல் முழுக்கக் குழந்தையோடு அந்த அறைக்குள் இருப்பது யார்? ஹாலில் உட்கார்ந்தால் வீட்டுக்காரர் முகம் மாறுகிறது. நான் தினமும் மழையிலும் நூலகத்துக்குப் போகிறேன்.

இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், சகோதரி. என் நோட்டில் இதற்குப் பத்தி இல்லை.

நெல்லை: 9,000 போதுமா?

பாஸ்? பிள்ளைகள்? வயது? மேலே உள்ள கோவைக்காரர் கணக்கில் உங்கள் எண்ணைப் போடுங்கள்.

ஓசூர்: 7,000 வெள்ளி என்றால் இந்திய ரூபாயில்...

பெருக்காதீர்கள் என்றேன்.

திருச்சி: மனைவியும் வேலைக்குப் போனால்?

கணக்கே மாறிவிடும், நிம்மதியாக இருக்கலாம். ஆனால் சார்ந்திருப்போர் பாஸை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. 2021 மே முதல், கம்பெனியில் சேர அவருக்கென்று தனி வேலை பாஸ் வேண்டும். கிடைக்கும் என்று நம்பி வீடு பார்க்காதீர்கள். பாஸ் கிடைக்குமா என்பதை மனிதவள அமைச்சின் இணையதளத்தில் பாருங்கள், அது என் துறை இல்லை.

ஈரோடு: ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவரலாமா?

தாராளமாக. மின்சாரம் அதே 230 வோல்ட், பிளக் மட்டும் சதுரப் பின். அடாப்டரைச் சிராங்கூன் சாலையில் வாங்கிக்கொள்ளலாம். அறைதான் எடுக்கப்போகிறீர்கள் என்றால், சட்னி அரைக்க எத்தனை மணி வரை விடுவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.