பிள்ளைகளும் பட்டைப் படமும்: கேள்வி பதில்

தொடக்கப் பள்ளியில் விவரம் சேகரித்துப் படமாக்கக் கற்றுத் தருவது பற்றி வந்த கேள்விகளுக்கு ஓர் ஆசிரியை பதில் சொல்கிறார்.

டீச்சர், மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். புத்தகத்தில் இருக்கும் பழங்களை எண்ணச் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு அரட்டை அடிக்கிறார்கள். எப்படித் தொடங்குவது?

அச்சடித்த மாம்பழத்தை எண்ணி யாருக்கு என்ன ஆகப்போகிறது? விடை தெரிந்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகளே துடிக்கிற கேள்வியாகப் பிடியுங்கள். காலை உணவில் நம் வகுப்புக்கு எது ரொம்பப் பிடிக்கும், உப்புமாவா, கிச்சடியா, பொங்கலா? "பொங்கல்தான்", "போடா, கிச்சடி" என்று சண்டை வந்ததும் பாடம் தொடங்கிவிட்டது. யார் என்ன ஊகிக்கிறார்கள் என்பதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

அப்புறம் ஆளுக்கொரு காலித் தீப்பெட்டி. ஒவ்வொரு பிள்ளையும் வந்து தனக்குப் பிடித்ததற்கு நேராக அடுக்கட்டும். எல்லாம் ஒரே அளவுப் பெட்டியாக இருக்கட்டும். பெரிய பெட்டி ஒன்று கலந்தால் ஓட்டு குறைந்த அடுக்கும் உயரமாகத் தெரியும். அடுக்கி முடித்ததும் கணக்கு நோட்டில் பெட்டிக்கொரு கட்டம் நிறம் தீட்டச் சொல்லுங்கள். பட்டை விளக்கப்படம் அதுதான் என்று பெயரைக் கடைசியில் சொன்னால் போதும்.

முடித்ததும் கூட்டிப் பாருங்கள். 28 பேர் வந்திருந்தால் 28 பெட்டி இருக்க வேண்டும். இதை இன்னும் பல தடவை சொல்லப்போகிறேன்.

எண்ணும்போது ஒன்றுக்கு ஒரு கோடாக நேர்க்கோட்டுக் குறி போடச் சொன்னால், ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போடாமல் வரிசையாக இழுத்துக்கொண்டே போகிறார்கள்.

தேவை இல்லாத இடத்தில் போடச் சொன்னால் அப்படித்தான் செய்வார்கள். கை தூக்கியவர்களை எண்ண அது எதற்கு? நேராகவே எண்ணிவிடலாமே. நிற்காமல் போகிற விஷயத்துக்குத்தான் அந்தக் குறி. பள்ளி கேட்டுக்கு உள்ளே நின்று பத்து நிமிஷம் பைக், ஆட்டோ, பஸ், லாரி எண்ணச் சொல்லுங்கள். கோடுகளை வரிசையாக இழுத்தவர் கடைசியில் முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும். குறுக்குக்கோடு போட்டவர் "5, 10, 15" என்று சொல்லிவிடுவார். அதைப் பார்த்தாலே புரிந்துவிடும். சீனாவிலும் ஜப்பானிலும் ஐந்து கோடு கொண்ட 正 என்ற எழுத்தை ஒவ்வொரு கோடாக எழுதி எண்ணுவார்கள். அதையும் காட்டுங்கள், விரும்பிப் போடுவார்கள்.

வண்டிக்கு வகுப்பு எண்ணிக்கை மாதிரி மொத்தம் கிடையாது. அதனால் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடட்டும்.

நல்ல ஆப் ஏதாவது சொல்லுங்களேன்?

தீப்பெட்டி.

பட விளக்கப்படத்தில் ஒரு படத்துக்கு இரண்டு பேர் என்றேன். 7 பேர் வந்ததும் ஒரு பையன் மூன்றரை மாம்பழம் வரைந்துவிட்டு, "அரை மாம்பழம் யாருக்கு மிஸ்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி, பாராட்டுங்கள். அரைப் படம் ஓர் ஆள், அரை ஆள் இல்லை. "ஒரு படம் = 2 பேர்" என்ற குறிப்பை மேலே பெரிதாக எழுதிவிட்டு, அதே 7 பேரை ஒரு படத்துக்கு ஒருவர் என்றும் வரையச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் ஒட்டுங்கள்.

இட்லி, தோசை இரண்டுமே பிடிக்கும் என்கிற பிள்ளையை ஒன்றில்தான் கை தூக்கச் சொல்வது நியாயமா டீச்சர்? நான் இரண்டிலும் தூக்க விடுகிறேன்.

விட்டால் 28 பேர் வகுப்பில் 41 கை வரும். மொத்தம் இடிக்கும்.

இடிக்கட்டுமே. உண்மை அதுதானே?

உண்மைதான், ஆனால் கேள்வி வேறு. "எது மிகவும் பிடிக்கும்" என்றால் ஆளுக்கு ஒரு கை. "எதெல்லாம் பிடிக்கும்" என்றால் எத்தனை கையும் தூக்கலாம். முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதற்கு விடை வாங்கினால் படம் பொய் சொல்லும்.

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் டீச்சர். என் வகுப்பில் ஒருத்தி எதுவுமே பிடிக்காது என்றாள். இரண்டு முறையிலும் அவள் காணாமல் போகிறாளே?

அவளுக்கு "எதுவுமில்லை" என்று ஒரு பட்டை போடுங்கள்.

அப்படியானால் இரண்டும் பிடித்தவனுக்கும் "இரண்டும்" என்று ஒரு பட்டை போடலாமே! மொத்தமும் சரியாக வரும்.

போடலாம். இட்லி, தோசைக்குச் சரி. நான்கு பலகாரம் வைத்தால்? இட்லியும் பூரியும், தோசையும் பொங்கலும் என்று பட்டை பெருகிக்கொண்டே போகும். மூன்றாம் வகுப்புக்கு ஆளுக்கு ஒன்று போதும். ஐந்தாம் வகுப்பில் தாராளமாக எத்தனையும் தூக்கட்டும், ஆனால் படத்தின் கீழே "கேட்டது 28 பேரிடம்" என்று எழுதியே தீர வேண்டும். இதற்கு மேல் இட்லி வேண்டாம், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

பட்டைகளின் உச்சியைக் கோட்டால் இணைக்கிறார்கள். தப்பா?

ஆமாம். ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவில் என்ன இருக்கிறது, கோடு போய்வர? நாள் நாளாக மாறுவதற்குத்தான் கோடு. பட்டை விளக்கப்படத்தின் முன்னோடியான வில்லியம் பிளேஃபேர் 1786-ல் ஸ்காட்லாந்தின் வணிகத்தைப் பட்டைகளாக வரைந்ததற்குக் காரணமே, கையில் ஒரே ஒரு வருஷக் கணக்கு இருந்ததுதான். பல வருஷக் கணக்கு இருந்த நாடுகளுக்குக் கோடுதான் போட்டார்.

கோடு போட ஆசையா, மழை அளங்கள். பக்கம் நேராக இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலின் தலையை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே சுழியம் குறியுங்கள். ஸ்கேலில் எத்தனை மில்லிமீட்டரோ அவ்வளவு மழை. வானிலைத் துறை காலை 8.30-க்கு அளக்கிறது, நீங்கள் முதல் மணி அடித்ததும் அளங்கள், ஆனால் தினமும் அதே நேரம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் வரும், ஜூனில் பாட்டிலை வைத்துவிட்டுப் பிள்ளைகளை ஏமாற்றாதீர்கள். மழை இல்லாத நாளுக்கும் 0 என்று எழுத வேண்டும்.

மூன்றாம் வகுப்புக்கு வட்ட விளக்கப்படம்?

வேண்டாம். வட்டத்தைத் துண்டு போடப் பின்னமும் கோணமும் வேண்டும், அவை முதலில் வரட்டும்.

என் மகளுக்குக் கணினியிலேயே வரையச் சொல்லிக்கொடுக்க ஆப் ஏதாவது...

மேலே சொல்லிவிட்டேன் அம்மா. தீப்பெட்டி.

கூட்டிப் பார்த்தால் ஒன்று குறைகிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பெரும்பாலும் கணக்கெடுத்த பிள்ளை தன்னை எண்ணியிருக்காது.

பிள்ளைகளின் எடையை எடுத்து வரைபடம் போடலாமா? தராசு இருக்கிறது.

கூடவே கூடாது. எடை, நிறம், மதிப்பெண், அப்பாவின் சம்பளம் எதுவும் சுவரில் ஏறக் கூடாது. ஒரு குழந்தையின் பட்டை தனியாகத் தெரிந்தால் அன்றைக்கே பட்டப்பெயர் வந்துவிடும். தராசு இருந்தால் புத்தகப் பையை எடை போடுங்கள். வகுப்புவாரியாகப் பட்டை போட்டு, பெற்றோர் கூட்டத்துக்கு முன்னால் வாசலில் ஒட்டிவிடுங்கள்.