நித்திரைக் குளிசையை ஒரேயடியாக நிறுத்தலாமா?

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: அப்பா தவறிய பிறகு நித்திரை இல்லையென்று அம்மாவுக்கு அல்பிரசோலம் கொடுத்தார்கள். வருடக்கணக்கில் போடுகிறா. போன கிழமை கிளினிக் தவறிப்போய்க் குளிசை முடிந்துவிட்டது. இரண்டாம் நாளே கை நடுக்கம், படபடப்பு. அம்மா அடிமையாகிவிட்டாவா? இதோடு நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்திராமல் இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வலிப்பு வந்தாலோ பேச்சுத் தடுமாறினாலோ 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மூளையில் நரம்புக்கலங்களை அடக்கி வைக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது காபா என்ற பொருள். அது கலத்தின் மேலிருக்கும் வாங்கியில் (receptor) ஒட்டினால் ஒரு துவாரம் திறந்து குளோரைட்டு அயன்கள் உள்ளே இறங்கும். பிறகு அந்தக் கலம் லேசில் கிளம்பாது. அல்பிரசோலமும் அதே வகையைச் சேர்ந்த டயஸிபாமும் தாமாக அந்தத் துவாரத்தைத் திறப்பதில்லை. அதே வாங்கியில் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு, காபா வரும்போது துவாரம் அடிக்கடி திறக்கச் செய்கின்றன, அவ்வளவுதான். பழைய நித்திரை மருந்துகளான பார்பிட்டுரேட்டுகள் அப்படியல்ல. அளவு கூடினால் காபா இல்லாமலே திறந்து மூச்சை நிறுத்திவிடும். ஆனால் இந்தக் குளிசையோடும் சாராயமோ மோர்பின் வகை வலிமருந்தோ சேர்ந்தால் அதே ஆபத்துத்தான்.

நெடுநாள் போட்டால் மூளை சும்மா இருக்காது. வாங்கிகள் குளிசைக்கு மசிவது குறையும், கிளப்பிவிடும் பக்கம் வலுக்கும். அந்த நிலையில் குளிசை திடீரென நின்றால் அடக்க ஆளில்லை. நீங்கள் கண்ட நடுக்கம் அதுதான். இது உடம்பு பழகிப்போனது; குளிசைக்காக அலையும் அடிமைத்தனம் வேறு. அம்மாவை ஏசாதீர்கள்.

சரி, எப்படி விடுவது? டொக்டர் குளிசையைத் திரும்பத் தொடங்கி, இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு போலக் குறைப்பார். மாதக்கணக்காகலாம். சிலரை மெதுவாக இறங்கும் டயஸிபாமுக்கு மாற்றியும் குறைப்பதுண்டு; வயதானவர்களின் உடம்பில் அது தேங்கும் என்பதால் அந்த முடிவை அவரிடமே விடுங்கள்.

பக்கத்து வீட்டுக் குளிசையைக் கடன் வாங்காதீர்கள். நிறம் ஒன்றாக இருந்தாலும் மில்லிகிராம் வேறாக இருக்கும். தடிமனுக்குப் போடும் பிரிட்டோனும் நித்திரை தரும்தான், ஆனால் அது ஹிஸ்டமின் என்ற வேறொரு பொருளைத் தடுக்கும் வழி. காபாவின் குறையை நிரப்பாது, முதியவர்களின் புத்தியையும் குழப்பும்.

இரவில் கிணற்றடிப் பக்கம் கக்கூசுக்குப் போகும்போது டோர்ச்சோடு யாராவது கூடப் போங்கள். இந்தக் குளிசை கால்களையும் தள்ளாட வைக்கும். இடுப்பெலும்பு முறிந்தால் பெரிய பாடு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கிளினிக் கொப்பியோடு, குளிசை போட்டுத் தந்த அந்தச் சின்ன உறையையும் எடுத்துப் போங்கள். அளவு அதில்தான் எழுதியிருக்கும்.