100 காட்டினால் ஆக்சிஜனைக் குறைப்போம்

காற்றை அதிகமாகச் சுவாசித்தால் கெடுதல் உண்டா, ஆக்சிஜன் எவ்வளவு கிடைத்தாலும் நல்லதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இவை இரண்டு கேள்விகள்.

காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். வேகவேகமாக இழுத்து விட்டாலும் அது நஞ்சாகும் அளவுக்குச் சேராது. ஆனால் கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடும். மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், உதடு மரத்துப்போகும், விரல்கள் இழுத்துக்கொள்ளும். பதற்றத்தில் மூச்சு வாங்குபவர்களுக்கு நேர்வது இதுதான். நிதானமாக மூச்சு விட்டால் அடங்கிவிடும். (கிணற்றில் முங்கு நீச்சல் போடும் பையன்கள் முங்குவதற்கு முன் இப்படி வேகவேகமாக இழுத்து விடவே கூடாது. மூச்சு முட்டும் உணர்வு வருவதற்குள் நினைவு தப்பிவிடலாம்.)

தனி ஆக்சிஜன் வேறு கதை. நான் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். உள்ளங்கையில் அடங்கிவிடும் குறைமாதக் குழந்தையின் பாதத்தில், இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் சென்சாரைச் சுற்றியிருப்போம். தோல் வழியே சிவப்பு வெளிச்சம் தெரியும். "சிஸ்டர், 100 வந்துவிட்டது!" என்று அம்மா ஆசையாகக் கூப்பிடுவார். நான் போய் ஆக்சிஜனைக் குறைப்பேன். அவர் முகம் வாடிவிடும். ஆக்சிஜனில் இருக்கும் குழந்தைக்கு எங்கள் இலக்கு 90 முதல் 95 வரைதான். அதைத் தாண்டினால் அலாரம் அடிக்கும்.

இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் முழுவதும் நிரம்பிய பிறகு அந்த எண்ணுக்கு மேலே போக இடமில்லை. இரத்தத்தில் கரைந்த ஆக்சிஜன் இரண்டு மடங்கானாலும் நான்கு மடங்கானாலும் திரையில் அதே 100தான். அதற்குள் விழித்திரையில் வளர வேண்டிய இரத்தக் குழாய்கள் நின்றுபோகும். சில வாரங்கள் கழித்து அவை தாறுமாறாகக் கிளைத்து விழித்திரையையே பிய்த்துவிடலாம். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் இன்குபேட்டரில் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்ததால் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். 1950இல் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டரும் அப்படித்தான் பார்வை இழந்தார். பயந்துபோய் ஒரேயடியாகக் குறைத்தபோது குழந்தைகள் இறந்தார்கள். அதனால்தான் இன்றும் எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். குறைமாதக் குழந்தை உள்ளவர்கள், பிறந்த ஒரு மாதத்திற்குள் செய்ய வேண்டிய விழித்திரைப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

பெரியவர்களும் விலக்கல்ல. அதிகச் செறிவு ஆக்சிஜன் நாட்கணக்கில் போனால் நுரையீரல் புண்ணாகும். தனி ஆக்சிஜனோடு கடலில் 6 மீட்டருக்குக் கீழே போகும் முக்குளிப்பவருக்கு வலிப்பே வரலாம்.

கொரோனா சமயத்தில் 2021இல் வாங்கிய ஆக்சிஜன் செறிவூட்டி பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. பல வருடம் புகைத்து நுரையீரல் அடைப்பு நோய் வந்த தாத்தாவுக்கு மூச்சு வாங்குகிறதே என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். அவர்களுள் பலருக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள். கூட்டினால் கரியமில வாயு தேங்கி அயர்ந்துவிடுவார். வீட்டார் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைப்பார்கள். தட்டி எழுப்பிப் பாருங்கள். கண் திறக்கவில்லை என்றால் உடனே 108ஐ அழையுங்கள்.